பட்டினிக்குத் துணை

அப்டன் சின்க்ளேர் என்றதும் நம்மில் நாவல் படிக்கிறவர்களுக்குச் சிகாகோ நகரத்து இறைச்சித் தொழிற்சாலைகள்தாம் நினைவுக்கு வரும். 1906இல் வெளிவந்த ‘தி ஜங்கிள்’ நாவலைப் படித்த அமெரிக்கர்கள் தங்கள் தட்டில் விழுவதைச் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தார்கள். அதே ஆசிரியர் ஐந்து வருஷம் கழித்து, தட்டையே கொஞ்ச நாள் கவிழ்த்து வையுங்கள் என்று ஒரு புத்தகம் எழுதினார். ‘தி ஃபாஸ்டிங் க்யூர்’ என்று பெயர். உபவாச சிகிச்சை என்று சொல்லலாம். நாவலாசிரியர்கள் இம்மாதிரிக் காரியங்களில் இறங்கும்போது விமர்சகர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வது வழக்கம். நான் அப்படிச் செய்யப் போவதில்லை. அந்தப் புத்தகத்தில் இலக்கியத்துக்குச் சம்பந்தமான ஒரு விஷயம் இருக்கிறது. இன்றைக்கு வாரத்தில் இரண்டு நாள் வயிற்றைக் காயப்போடுகிறவர்களுக்கும், காலைப் பலகாரத்தைத் தள்ளிவிட்டு மத்தியானம் வரைக்கும் காத்திருக்கிறவர்களுக்கும் அது சம்பந்தமான விஷயந்தான்.

சின்க்ளேர் நோயாளி மனிதர். அஜீரணம், தலைவலி, தூக்கமின்மை என்று எப்போதும் ஒன்று இருந்துகொண்டே இருக்கும். வைத்தியர்களிடம் போய் அலுத்து, ஆரோக்கிய நிலையங்களில் தங்கிப் பணத்தைக் கரைத்து, கடைசியில் பட்டினி இருந்து குணமடைந்த ஒரு பெண்மணியைச் சந்தித்ததில் அவருக்கு இந்த மார்க்கம் அகப்பட்டது. பன்னிரண்டு நாள் தண்ணீரை மாத்திரம் குடித்துக்கொண்டு இருந்தார். முதல் நான்கு நாட்களில் பதினைந்து பவுண்டு எடை இறங்கியதாகக் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். உடம்பு தேறிவிட்டது என்று அவருக்குத் தோன்றிற்று. தோன்றியதைச் சும்மா வைத்துக்கொள்ள எழுத்தாளனால் முடியுமா? 1910இல் பத்திரிகையில் எழுதினார்.

அதன் பிறகு நடந்ததுதான் சுவாரஸ்யம். கடிதங்கள் வந்து குவிந்தன. நூற்றுக்கணக்கில் வந்தன. ‘நானும் இருந்து பார்த்தேன்’ என்றும், ‘மூன்றாம் நாள் தலை சுற்றுகிறதே, சரியா?’ என்றும், ‘என் வீட்டார் பயப்படுகிறார்கள், என்ன சொல்ல?’ என்றும் முன்பின் தெரியாதவர்கள் எழுதினார்கள். சின்க்ளேர் அத்தனை பேருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத முடியாமல் திணறி, கேள்வித்தாள் ஒன்று தயாரித்து அனுப்பி, வந்த பதில்களையெல்லாம் கூட்டிக் கணக்கெடுத்து, கடிதங்களில் சிலவற்றையும் சேர்த்துப் புத்தகமாகப் போட்டார். அவருடைய கணக்குப்படி 119 பேர் பதில் எழுதினார்கள். அவர்கள் இருந்த உபவாசங்கள் மொத்தம் 277. சராசரி ஒன்றுக்கு ஆறு நாள்.

இந்தப் புத்தகத்தில் சின்க்ளேர் எழுதிய பகுதிகளைவிட அந்தக் கடிதங்களே எனக்கு அதிகமாகப் பிடித்திருக்கின்றன. சின்க்ளேர் பிரசாரகர். சந்தேகம் என்பதே அவரிடம் கிடையாது. கையில் கிடைத்த வியாதிக்கெல்லாம் பட்டினியே மருந்து என்று சொல்லும் அளவுக்கு அவருடைய உற்சாகம் போய்விடுகிறது. இன்றைய வைத்தியர் எவரும் அதை ஒப்ப மாட்டார். ஆனால் கடிதம் எழுதியவர்கள் பிரசாரகர்கள் அல்ல. தனி அறையில் பசியோடு உட்கார்ந்திருக்கும் மனிதர்கள் அவர்கள். தங்களைப் போல் இன்னொருவர் எங்கோ உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்ததும் பேனாவை எடுத்துவிட்டார்கள். பசியைவிட அந்தத் தனிமைதான் அவர்களைப் பிடுங்கியிருக்கிறது.

பசி என்பது விசித்திரமான வேதனை. பல்வலிக்காரனிடம் எல்லாரும் அனுதாபம் காட்டுவார்கள். ஜுரக்காரனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பார்கள். தானாகப் பட்டினி கிடப்பவனை மட்டும் வீட்டில் யாரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். ‘ஒரு வாய் சாப்பிட்டால் என்ன குடியா முழுகிப் போய்விடும்?’ என்பார்கள். அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் அன்பு பூராவும் எதிர்க்கட்சி. ஆகவே, இதே காரியத்தைச் செய்கிற இன்னொருத்தர் வேண்டியிருக்கிறது. அறிவுரை சொல்ல அல்ல. ‘எனக்கும் நாலு மணிக்குத்தான் தாங்க முடியாமல் வருகிறது’ என்று சொல்ல.

சரி, அந்தக் கணக்கில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பலன் இல்லை என்று 17 பேர் எழுதியதாகச் சின்க்ளேரே ஒப்புக்கொள்கிறார். அவரைப் பாராட்டலாம், மறைக்கவில்லை. ஆனால் அடுத்த வாக்கியத்திலேயே அந்தப் பதினேழு பேரையும் பாதியாக்கிவிடுகிறார். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், உபவாசத்தைச் சரியாக முடிக்கத் தெரியாததால் கெட்டுப்போனவர்களாம். அதாவது முறை தவறவில்லை, மனிதர்தாம் தவறினார். நூறு பேர் வெற்றிக்கு முறை காரணம். பதினேழு பேர் தோல்விக்கு அவரவர் காரணம். இந்த நியாயத்தை நான் வேறு எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறேன். உபவாசத்தைப் பற்றி எழுதப்பட்ட அனுபவ நூல்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே அஸ்திவாரம். அந்தப் பதினேழு பேருக்கு என்ன நடந்தது? யார் அவர்கள்? எந்த ராத்திரியில், எந்த அலமாரிக்குப் பக்கத்தில் நின்று, எதை எடுத்துச் சாப்பிட்டார்கள்? கதை அங்கேதான் இருக்கிறது. நாவலாசிரியரான சின்க்ளேருக்கு இது தெரியாமல் போனதுதான் எனக்கு வருத்தம்.

இது வெறும் இலக்கியக் குறை என்று விட்டுவிடலாமா? முடியாது. அதே 1911ஆம் வருஷம் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒலாலா என்ற சின்ன ஊரில் என்ன நடந்தது என்று பாருங்கள். லிண்டா ஹஸார்ட் என்ற பெண்மணி அங்கே உபவாச சிகிச்சை நிலையம் நடத்தி வந்தார். அவரும் புத்தகம் எழுதியவர்தான், 1908இலேயே எழுதிவிட்டார். வில்லியம்ஸன் என்ற குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு இங்கிலீஷ் சகோதரிகள், கிளேரும் டோராத்தியாவும், அந்தப் புத்தகத்தை நம்பி அவரிடம் சிகிச்சைக்கு வந்தார்கள். பணக்காரப் பெண்கள். பெரிய வியாதி என்று சொல்ல ஒன்றுமில்லை. சிகிச்சை வாரக்கணக்கில் நீண்டது. ஆஸ்திரேலியாவிலிருந்த அவர்களுடைய பழைய செவிலித்தாய்க்கு எப்படியோ ஒரு தந்தி போய்ச் சேர்ந்தது. அந்த அம்மாள் கடல் கடந்து வந்து பார்த்தபோது கிளேர் செத்துப்போயிருந்தாள். டோராத்தியா எலும்புக்கூடாக இருந்தாள். 1912இல் ஹஸார்ட் கொலைக்குச் சற்றுக் குறைந்த குற்றத்துக்காகத் தண்டனை அடைந்தார். உள்ளூர்க்காரர்கள் அந்த இடத்துக்குப் ‘பட்டினிமேடு’ என்கிற அர்த்தத்தில் பெயர் வைத்துவிட்டார்கள். ஹஸார்ட் ஏமாற்றுக்காரி என்று எளிதாகச் சொல்லிவிடலாம். சொத்து விஷயத்தில் அவர் செய்தவை அதற்கு இடம் கொடுக்கின்றன. ஆனால் அவரே 1938இல் தமக்குத்தாமே உபவாச சிகிச்சை செய்துகொண்டபோதுதான் இறந்தார். நம்பித்தான் இருந்திருக்கிறார். தோல்வியைக் காதில் வாங்காத நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அந்தச் சகோதரிகள் இருவரும் ஒருத்திக்கு ஒருத்தி துணையாகத்தானே போனார்கள் என்று கேட்கலாம். போனார்கள். துணை இருந்தது, ‘போதும்’ என்று சொல்லும் வாய் இல்லை.

தனியாகப் பட்டினி இருப்பவனைப் பற்றி உலகத்தில் எழுதப்பட்ட சிறந்த கதை காஃப்காவுடையது. 1922இல் வந்த ‘பட்டினிக் கலைஞன்’. கூண்டுக்குள் உட்கார்ந்து பட்டினி கிடப்பதைக் காசு கொடுத்துப் பார்க்கிறார்கள். அவன் ஒளித்துச் சாப்பிடாமல் இருக்கிறானா என்று காவல் காக்க ஆட்களைப் போடுகிறார்கள்; அவர்கள் பெரும்பாலும் கசாப்புக்காரர்கள். அவனோ அந்தக் காவலர்களோடு ராத்திரி முழுவதும் பேசத் தயாராக இருக்கிறான், வேடிக்கை சொல்கிறான், விடிந்ததும் தன் செலவில் அவர்களுக்குப் பலகாரம் வரவழைத்துக் கொடுத்து, அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறான். உலக இலக்கியத்தில் இதைப்போல் உள்ளத்தை உருக்கும் காட்சிகள் குறைவு. பசித்தவன் ஒருவன் பேச ஆள் தேடுகிறான், அகப்படுகிறவர்களோ சந்தேகப்படுகிறவர்கள். கடைசியில் வைக்கோலுக்குள் மறந்துபோய்க் கிடக்கும்போது, தனக்குப் பிடித்த ஆகாரம் அகப்படாததால்தான் சாப்பிடவில்லை என்று சொல்லிவிட்டுச் சாகிறான். ஒரே ஒருத்தர் முன்னாலேயே கேட்டிருந்தால் முன்னாலேயே சொல்லியிருப்பான் என்று எனக்குத் தோன்றும். தொண்டையில் க்ஷயரோகம் கண்டு விழுங்க முடியாமல் காஃப்கா படுத்திருந்த 1924இல் இந்தக் கதையின் அச்சுப்பிரதியைத் திருத்தினார் என்பதை நினைத்தால், மேற்கொண்டு விமர்சனம் செய்ய மனம் வருவதில்லை.

காஃப்காவின் கூண்டுக்கு நேர் எதிரான இடம் ஒன்று உண்டு. அது நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியில் ஒரு வீட்டின் கூடம். 1961ஆம் வருஷம். ஜீன் நிடெச் என்ற குடும்பப் பெண் அங்கே இருந்தாள். எடை 214 பவுண்டு. கடையில் சந்தித்த தெரிந்தவர் ஒருத்தி அவளைப் பார்த்து, குழந்தை எப்போது பிறக்கும் என்று விசாரித்தாள். குழந்தை எதுவும் இல்லை. அந்த அவமானத்தில் நகரசபை நடத்திய இலவச மருத்துவ நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கே கொடுத்த உணவுத் திட்டம் நல்ல திட்டந்தான், எடையும் இறங்கிற்று. ஆனால் ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் பிஸ்கட் தின்னும் பழக்கம் மட்டும் விடவில்லை. அதை மருத்துவ நிலையத்தில் சொல்ல வாய் வரவில்லை. அங்கே பேசிய அம்மாள் ஒல்லி. அவளுக்கு என்ன புரியும்?

ஜீன் என்ன செய்தாள்? தன்னைப் போலப் பருத்த சிநேகிதிகள் ஆறு பேரை வீட்டுக்குக் கூப்பிட்டு, அவர்களிடம் பிஸ்கட் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். அவள் சொன்னதும் ஆளுக்கு ஒன்றாக அவர்களும் சொன்னார்கள். அடுத்த வாரமும் வந்தார்கள். இன்னும் சிலரை அழைத்து வந்தார்கள். இரண்டே மாதத்தில் நாற்பது பேராகிவிட்டது கூட்டம். 1963இல் அது ‘வெயிட் வாட்சர்ஸ்’ என்ற கம்பெனியாகி, 1978இல் ஹைன்ஸ் கம்பெனி அதை எழுபது மில்லியன் டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது. அந்தப் பிற்பகுதி எனக்கு அவ்வளவு முக்கியமில்லை. கூட்டத்தைச் சேர்த்தது எது? எடை குறைந்தவளின் வெற்றி அல்ல. பிஸ்கட் தின்றவளின் பேச்சு. சின்க்ளேர் ஒதுக்கித் தள்ளிய பதினேழு பேரில் ஒருத்தி வாய் திறந்தது போலத்தான் அது. ஜீன் இருந்தது உபவாசம் அல்ல, அளவுச் சாப்பாடு என்று திருத்துகிறவர்கள் திருத்திக்கொள்ளலாம். பசியை ஒத்திவைக்கிற யாருக்கும் அந்தக் கூடத்தில் இடம் உண்டு.

பசித்தவர்கள் கூடினால் எதைப் பற்றிப் பேசுவார்கள்? சாப்பாட்டைப் பற்றி. இதை அறியாதவர்கள் அமெரிக்காவின் மினஸோட்டா சர்வகலாசாலையில் 1944இன் கடைசியில் ஆரம்பித்த பரிசோதனையைப் பார்க்க வேண்டும். போரில் சண்டையிட மறுத்த வாலிபர்கள் 36 பேர் தாங்களாகவே முன்வந்து அரைப்பட்டினி கிடந்தார்கள், இருபத்துநான்கு வாரம். பட்டினியிலிருந்து ஜனங்களை மீட்பது எப்படி என்று கண்டுபிடிக்க ஆன்ஸல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் நடத்திய சோதனை அது. வாரக்கணக்கில் பசித்த அந்தப் பையன்கள் சமையல் புத்தகங்களை வாங்கிப் படிக்க ஆரம்பித்தார்கள். பக்குவங்களை நோட்டில் எழுதி வைத்தார்கள். தட்டை நக்கினார்கள். ஒருவன் வெளியே போய் ரகசியமாகச் சாப்பிட்டுவிட்டான் என்று தெரிந்த பிறகு, துணையில்லாமல் யாரும் வெளியே போகக்கூடாது என்று விதி செய்தார்கள். பட்டினிக்குத் துணை என்று சட்டமே வந்துவிட்டது, பாருங்கள். ஆனால் அந்தத் துணை காஃப்காவின் காவல்காரன் ரகம். சிநேகிதனைக் காவல்காரனாக்கினால் சிநேகிதமும் போச்சு, காவலும் போச்சு. இந்தச் சோதனையைப் பற்றி 1950இல் வெளிவந்த இரண்டு பெரிய பாகங்கள் விஞ்ஞான நூல்தான். ஆனால் பசித்தவன் மனசு எப்படியெல்லாம் கோணும் என்று மறைக்காமல் எழுதியதில் எத்தனையோ அனுபவ நூல்களுக்கு மேலானது.

இனி நம் காலத்துக்கு வருவோம். இப்போது ‘இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்’ என்று பேச்சு அடிபடுகிறதே, அது சின்க்ளேரின் நீண்ட பட்டினி அல்ல. விட்டுவிட்டு இருக்கிற பட்டினி. அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனவர் இங்கிலாந்தில் வைத்தியம் படித்துவிட்டு பி.பி.ஸி.யில் நிகழ்ச்சி நடத்திய மைக்கேல் மோஸ்லி. 2012 ஆகஸ்டில் அவருடைய நிகழ்ச்சி வந்தது. அடுத்த ஜனவரியில் மிமி ஸ்பென்ஸர் என்ற பத்திரிகையாளருடன் சேர்ந்து ‘தி ஃபாஸ்ட் டயட்’ என்ற புத்தகம் போட்டார். வாரத்தில் ஐந்து நாள் வழக்கம் போல. இரண்டு நாள் ஆணுக்கு 600 கலோரி, பெண்ணுக்கு 500. சிக்கனமான திட்டம், மனசில் நிற்கும் கணக்கு.

புத்தகமும் மோசமில்லை. மோஸ்லி தம் உடம்பையே சோதனைச்சாலையாக்கிக்கொண்டு எழுதுகிறார். இரத்தத்தில் சர்க்கரை இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு என்ன ஆயிற்று என்று சொல்கிறார். சுவையான நடை. தன்னையே கேலி செய்துகொள்ளத் தெரிந்தவர். ஸ்பென்ஸர் சமையலறைப் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறார். பட்டினிக்கு ஒரு சிநேகிதரைத் தேடிக்கொள்ளுங்கள் என்று யோசனையும் சொல்கிறார். கர்ப்பிணிகள், குழந்தைகள், சர்க்கரை வியாதிக்கு இன்ஸுலின் போட்டுக்கொள்கிறவர்கள் ஆகியோர் இதில் இறங்கக்கூடாது என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. மோஸ்லி 2024 ஜூனில் கிரேக்கத் தீவு ஒன்றில் கடும் வெயிலில் நடந்து போகையில் இறந்துபோனார் என்ற செய்தி வந்தபோது, அவரை நேரில் அறியாதவர்கள்கூடச் சொந்தக்காரர் போனதுபோல் வருந்தினார்கள். அப்படிப்பட்ட நட்பு அந்த நடையில் இருந்தது.

ஆயினும் என் குறை பழைய குறையேதான். இந்தப் புத்தகத்திலும், இதைப் பின்பற்றி வந்த பல புத்தகங்களிலும் கதைக்கு ஆரம்பம் இருக்கிறது, முடிவு இருக்கிறது. இடுப்பளவு முன்னே இவ்வளவு, பின்னே இவ்வளவு. நடுவில் என்ன ஆயிற்று? பட்டினி நாளில் மத்தியானம் மூன்று மணிக்குப் பெற்ற பிள்ளை மேல் எரிந்து விழுந்தது எங்கே? மறுநாள் இலையில் உட்கார்ந்து கடன் தீர்ப்பது போலத் தின்றது எங்கே? ஒரு நாவலை முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் மட்டும் தைத்து விற்றால் வாசகர் சும்மா விடுவாரா? இங்கே மட்டும் விட்டுவிடுகிறார். ஏனென்றால் தன் நடு அத்தியாயத்தைப் பற்றி அவருக்கே வெட்கமாக இருக்கிறது.

அந்த நடு அத்தியாயத்தை விஞ்ஞானிகள் எழுதியிருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. சிகாகோவில் 100 பேரை வைத்து ஒரு வருஷம் நடத்திய சோதனையின் முடிவு 2017இல் வெளிவந்தது. ஒரு பிரிவினர் ஒருநாள் விட்டு ஒருநாள் கால்வயிறு; மறுநாள் வழக்கத்தைவிட அதிகமாகவே சாப்பிடலாம். இன்னொரு பிரிவினர் தினந்தோறும் கொஞ்சம் குறைத்துச் சாப்பிட வேண்டும். மூன்றாம் பிரிவினருக்குத் திட்டமே இல்லை. வருஷக் கடைசியில் முதல் இரண்டு பிரிவினருக்கும் எடை ஏறக்குறைய ஒரே அளவுதான் இறங்கியிருந்தது. அதைவிட எனக்குச் சுவையாகப் பட்டது வேறு இரண்டு விஷயங்கள். பட்டினிப் பிரிவிலிருந்த 34 பேரில் 13 பேர் பாதியிலேயே விலகிவிட்டார்கள். மூன்று பிரிவுகளிலும் இங்கேதான் அதிகம். விலகாதவர்களும் பட்டினி நாளில் விதித்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவும், விருந்து நாளில் விதித்ததைவிடக் கொஞ்சம் குறைவாகவும் சாப்பிட்டு வந்தார்கள். அதாவது விதியை ஓசைப்படாமல் திருத்தி, தினமும் அளவாகச் சாப்பிடுகிற பழைய வழக்கத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டார்கள். மனுஷ சுபாவம் என்பது இதுதான். இதை எழுத ஒரு நாவலாசிரியர் கிடைக்கவில்லை, அட்டவணை எழுதியிருக்கிறது. 2022இல் சீனாவின் குவாங்சௌவிலிருந்து இன்னொரு சோதனை வந்தது. பருமன் உடையவர்கள் 139 பேர். காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் நாலு மணிக்குள் சாப்பிட்டவர்களையும், நேரக் கட்டுப்பாடின்றி அதே கலோரிக் கணக்கில் சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். அங்கேயும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஆகவே இந்தப் பட்டினியில் மாயம் ஒன்றும் இல்லை. சிலருக்கு ஒத்துப்போகிறது, கணக்குப் பார்க்க எளிது, அவ்வளவுதான். ஒத்துப்போகாதவர் அதைக் கைவிடுவது நாவல் பிடிக்கவில்லை என்று மூடி வைப்பது மாதிரி சாதாரணமான காரியமாக இருக்க வேண்டும். ஆனால் இல்லை. கைவிட்டவர் வெட்கப்பட்டு ஒதுங்கிவிடுகிறார். வெற்றி பெற்றவர்களின் பேச்சு மட்டும் மிஞ்சுகிறது. புதிதாக வருகிறவர் அதைக் கேட்டு, தனக்கு மட்டுந்தான் கை நடுங்குகிறது என்று நினைத்துக்கொள்கிறார்.

எனக்குத் தெரிந்த ஒரு கூட்டம். காலையில் பூங்காவில் நடக்க வருகிறவர்கள், ஏழெட்டுப் பேர். எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பாட்டை முடித்தால் மறுநாள் மத்தியானம் பன்னிரண்டுவரை தண்ணீரும் பால் விடாத காபியுந்தான். ஒருத்தருக்கொருத்தர் உற்சாகம். ‘எத்தனை மணி நேரம் ஆச்சு சார்?’ என்பதே காலை வணக்கமாகிவிட்டது. அவர்களில் ஒருவர் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். மாத்திரையை நிறுத்தவில்லை, வைத்தியரிடமும் கேட்கவில்லை. பத்து மணி சுமாருக்கு வியர்க்கிறது, கை நடுங்குகிறது என்பதை ஒரு மாதமாக அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பிற்பாடு கேட்டபோது, ‘இன்னும் ரெண்டு மணி நேரந்தானே சார், தாங்குங்கன்னு சொல்லிடுவாங்க. சரின்னுதான் சொல்லணும்’ என்றார். ஒருநாள் கல்பெஞ்சில் சாய்ந்துவிட்டார். வாசலில் பூ விற்கிற அம்மாள் ஓடிவந்து, டீக்கடையிலிருந்து சர்க்கரையை வாங்கி வாயில் போட்டிருக்கிறாள். அவளுக்கு உபவாச சாஸ்திரம் எதுவும் தெரியாது; வீட்டில் இன்ஸுலின் போட்டுக்கொள்ளும் புருஷன் இருக்கிறான், அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். அந்த நண்பர்கள் கெட்டவர்கள் அல்ல. மறுநாள் எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் பழத்தோடு வந்து நின்றார்கள். அவர்களுடைய உற்சாகத்தில் ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு இடம் வைக்கவில்லை, அதுதான் விஷயம். சர்க்கரைக்குச் சில வகை மாத்திரைகளும் இன்ஸுலினும் எடுத்துக்கொண்டு வயிற்றைக் காயப்போட்டால் சர்க்கரை அபாயகரமாக இறங்கும் என்பது எந்த வைத்தியரும் இரண்டு நிமிஷத்தில் சொல்லக்கூடியது.

துணை எப்படி இருக்கலாம் என்பதற்கு நான் அடிக்கடி புரட்டிப் பார்க்கும் பக்கங்கள் ‘சத்திய சோதனை’யில் இருக்கின்றன. தென்னாப்பிரிக்காவில் ஜோஹானஸ்பர்க்குக்கு வெளியே, காலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கர் நிலத்தில் 1910இல் ஏற்பட்டது டால்ஸ்டாய் பண்ணை. சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே இருந்தன. நம் தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. ரம்ஜான் மாதம் வந்தபோது முஸ்லிம் பையன்களை நோன்பு நோற்கும்படி காந்தி ஊக்கினார். அவர்களுக்குத் துணையாக ஹிந்து, பார்ஸி, கிறிஸ்தவப் பிள்ளைகளையும் பகலில் சாப்பிடாமல் இருக்கச் சொன்னார். எல்லாருக்கும் ஒரே விதி என்று வைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முஸ்லிம் பிள்ளைகள் அஸ்தமனம் ஆகும்வரை காத்திருக்க வேண்டும். மற்றவர்கள் அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. முஸ்லிம் பிள்ளைகள் தண்ணீரும் தொடமாட்டார்கள், மற்றவர்கள் குடிக்கலாம். அந்தப் பகுதியை எழுதுகையில் காந்தி தம் சாதனையைப் பற்றி அதிகம் பேசவில்லை. பிள்ளைகளிடையே ஒரு தோழமை வளர்ந்ததைப் பற்றிப் பேசுகிறார்.

இன்னொன்றையும் எழுதியிருக்கிறார். உபவாசம் இருந்த பிறகு நாக்கின் ஆசை முன்னைவிட அதிகமாகிவிட்டதாகச் சில நண்பர்கள் கண்டார்களாம். உபவாசத்தை உயிராக நினைத்தவர் இதை எழுதாமல் விட்டிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? எழுதினார். காரணம் சொல்லும்போது மட்டும், மனசு ஒத்துழைக்காவிட்டால் அப்படித்தான் ஆகும் என்று கடைசியில் நோற்றவர் பேரிலேயே போட்டுவிடுகிறார். அந்த இடத்தில் எனக்கு அவரோடு சம்மதம் இல்லை. ஆனாலும் தோற்ற நண்பர்கள் அந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். சின்க்ளேரைப்போல் அவர்களைக் கணக்கில் கழித்துவிடவில்லை.

பண்ணைப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல ஒன்று பாக்கி இருக்கிறது. அஸ்தமனத்துக்கு முன்பே சாப்பிட அனுமதி பெற்ற அந்தப் பிள்ளைகள் மிஞ்சிய நேரத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? அடுப்படியில் இருந்தார்கள். பொழுது சாய்ந்து நோன்பு முடிக்க வரும் தோழர்களுக்காக நல்ல பலகாரங்கள் செய்து வைத்துக்கொண்டு, உட்காரவைத்துப் பரிமாறினார்கள்.